கடல் கடந்த வைத்தியர் ஜான் ஸ்கடர்

திரவியம் தேடிக் கடல் கடத்தல் நம் தமிழ் மக்களுக்குப் புதிய செய்தியன்று. மதுரையைச் சூழ்ந்து கிடக்கும் வானம் பார்த்த நிலங்களில் மழை பொய்த்த காலங்களிலெல்லாம், நம் ஊர்களினின்று இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிச் சென்றோர் ஆயிரம் ஆயிரம் பேர். வறுமை அவர்களைத் தள்ளியது. பொருள் அவர்களை இழுத்தது. இதனை யாவரும் உணரலாம். ஆனால், கைக்கு எட்டிய பொருளையும் புகழையும் கரையிலே விட்டுவிட்டு, இன்ன ஊதியம் கிடைக்கும் என்ற உறுதியின்றிக் கடலில் இறங்கியோரும் உலகில் இருந்திருக்கின்றனர். அத்தகையோரின் செயலை உணர்தல் எளிதன்று. அவருள் ஒருவராகிய வைத்தியர் ஜான் ஸ்கடர் என்பாரின் சரிதத்தை இங்கு ஒருவாறு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

இவருடைய பெயரைத் தமிழ்நாட்டில் கேள்வியுறாதார் சிலரே. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரை நாம் எல்லோரும் அறிவோம். அவ்வம்மையாரின் பாட்டனாரே இவர். பேத்தியின் புகழ் பெரிது ஆனமையால் பாட்டனாரின் வரலாறு சிறிது மறைந்துவிட்டது. அவர் நம் மதுரையிலும் இரண்டாண்டுகள் வாழ்ந்து வைத்தியம் செய்தவர் என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? ஆகவே அவர் சரிதம் நமக்கு அயலார் சரிதம் ஆகாது.

இளமையும் கல்வியும்

ஜான் ஸ்கடர் 1793ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ ஜெர்சி மாகாணத்தில் ஃப்ரீஹோல்டு என்னும் ஊரில் பிறந்தார். அந்நாடு சுதந்தரம் அடைந்து அப்போது பதினேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. இவர் நியூ ஜெர்சிக் கல்லூரியிற் பயின்று 1811இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியே பிற்காலத்தில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை எனப் பெயர் பெற்றது. குருத்துவப் பணியில் அமர வேண்டும் என்பது இளமையில் இவருடைய விருப்பம். தந்தையார் அதற்கு இசையவில்லை. தந்தை சொல்லை மீறத் துணியாத மைந்தர் வைத்தியத் துறையைத் தேர்ந்து, நியூயார்க் நகரிலுள்ள வைத்தியர் கல்லூரியில் 1813இல் தேர்ச்சியடைந்தார்.

தாம் முதலில் விரும்பாத தொழிலாயினும், அதனை அரைமனத்தோடு அவர் செய்தாரல்லர். நியூயார்க் நகரிலேயே வைத்தியசாலை வைத்துச் சில ஆண்டுகளில் நற்பெயரும் நல்வருவாயும் பெற்றார். 1816இல் ஹேரியட் வாட்டர்பரி என்னும் நங்கையை மணந்தார். பெண் மகவு ஒன்றும் பிறந்தது. இருபத்தைந்து வயதிற்குள் கல்வி, தொழில், மனை, மகவு ஆகிய யாவும் ஒருங்கே வாய்த்த வாழ்வு அது. இக்காலத்து நம் பெற்றோர் தம் மக்களுக்கு எவ்வெவற்றை வேண்டிக் கோயில்தோறும் ஆலயந்தோறும் தொழுகின்றனரோ, அவ்வளவும் அவருக்குக் கிட்டியிருந்தன என்று சொல்லலாம்.

ஒரு சிறு நூல்

ஒரு நாள் நோயுற்ற பெண்மணி ஒருவரைப் பார்க்க ஸ்கடர் அவர் இல்லம் சென்றார். உள்ளே அழைக்கப்படும் வரை முன்னறையில் காத்திருக்க நேர்ந்தது. அங்கிருந்த மேசைமீது கிடந்த சிறு நூல் ஒன்றைப் பொழுதுபோக்காகக் கையில் எடுத்தார். உலகிலுள்ள அறுபது கோடி மக்கள் கிறிஸ்துவின் செய்தியைக் கேளாதிருக்கின்றனர் என்பதை எடுத்துக்காட்டி, அவர்களுக்குக் கிறிஸ்தவ நாடுகள் ஆற்ற வேண்டிய கடனைப் பேசும் நூல் அது. பம்பாயில் உழைத்துக்கொண்டிருந்த கார்டன் ஹால், சாமுவேல் நியூவெல் என்ற இருவரால் எழுதப்பட்டு 1818இல் வெளிவந்தது. நூலை இரவல் பெற்று வீட்டிற்குக் கொண்டுவந்து மீண்டும் மீண்டும் படித்தார்.

அதே காலத்தில், இலங்கையின் வடபாகமாகிய யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணிபுரிந்து வந்த அமெரிக்க மிஷனுக்கு வைத்தியர் ஒருவர் தேவைப்பட்டார். அங்குச் சென்றிருந்தோருள் வைத்தியம் சிறிது பயின்றிருந்த வாரன், ரிச்சர்ட்ஸ் என்ற இருவரும் காசநோய்க்கு ஆளாயினர். வாரன் 1818இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் உயிர் நீத்தார். இந்நிலையில் மிஷனை நடத்திய அமெரிக்கன் போர்டு என்னும் சங்கத்தாருக்கு ஸ்கடர் தம்மை ஒப்புவித்தார்.

ஈண்டு யாம் சற்று நின்று ஆராய விரும்புகிறோம். ஒரு சிறு நூலைப் படித்த மாத்திரத்தில் ஒருவர் தம் வாழ்வைத் திருப்பிவிட்டார் என்று கூறுவது கேட்க இனிதாகலாம், முழு உண்மையாகாது. இளமையில் தந்தையாரால் தடுக்கப்பட்ட ஆசை அவர் உள்ளத்தில் அவியாமல் கிடந்தது. நூல் அதன்மீது வீசிய காற்றே ஆகும். நீறு பூத்த நெருப்பின்மீதன்றி வெறுஞ் சாம்பலின்மீது காற்று வீசி என்ன பயன்? மேலும், அவர் அன்றிரவே கப்பலேறிவிடவில்லை. ஆழ்ந்து எண்ணினார், மனைவியாரோடு கலந்தார். கணவர் தனித்து முடிவு செய்து பின்னர் அறிவிக்கும் செய்தியாக அது நிகழவில்லை. ஹேரியட் அம்மையார் தாமே இசைந்து உடன்பட்ட பின்னரே பயணம் உறுதியாயிற்று. துறவு என்னும் சொல்லை நாம் எளிதில் வழங்குகிறோம். இல்லறத்தார் ஒருவர் தம் பொருளைத் துறக்கும்போது, உண்மையில் அவரது வீட்டார் அனைவரும் துறக்கின்றனர்.

கடற்பயணம்

1819ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தினின்று இந்தஸ் என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. ஸ்கடரும் மனைவியாரும் குழந்தை மரியாவும் அதில் ஏறினர். அவருடன் வந்த மூவரின் பெயர்கள் வின்ஸ்லோ, ஸ்பால்டிங், உட்வார்டு என்பன. தமிழ் மாணவராகிய நாம் இக்கப்பலைச் சற்று நினைவிற் கொள்ளுதல் தகும். இதில் வந்த வின்ஸ்லோவே பிற்காலத்தில், 1862இல், அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் - ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டவர். ஸ்பால்டிங் 1834இல் யாழ்ப்பாணத்தினின்று மதுரைக்கு வந்து நிலைமையை ஆராய்ந்து, அமெரிக்க மதுரை மிஷன் தோன்ற வழி செய்தவர். ஒரு சிறு கப்பல் நம் மொழிக்கும் நம் ஊருக்கும் எத்துணைப் பொருளை ஏற்றி வந்தது!

சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே அந்நாளில் அமெரிக்காவினின்று கீழைநாடு வருவோர் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வருதல் வேண்டும். நீராவியும் இல்லை, காற்றே துணை. நான்கு மாதங்களுக்கு மேல் கடலிற் கழித்து அக்டோபரில் கல்கத்தாவை அடைந்தனர். கரை சேர்ந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டு வயதேயான மரியா அந்நகரில் நோயுற்று இறந்தாள். வைத்தியராகிய தந்தையார் அருகிருந்தும் அவளைக் காக்க இயலவில்லை. செல்ல வேண்டிய இடத்தை அடையுமுன்னரே, ஒரே குழந்தையை அயல்மண்ணில் புதைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் படிப்போர் உள்ளத்தில் ஒரு வினா எழாமலிராது. தாம் தேர்ந்த வழிக்குத் தாம் விலை கொடுக்கலாம். தேர்தலறியாத மகவு விலை கொடுப்பது முறையோ என்பதே அவ்வினா. நியூயார்க்கில் இருந்திருந்தால் அம்மகவு பிழைத்திருக்கும் என்றும் உறுதி கூற இயலாது. அக்காலத்தில் எந்நாட்டிலும் குழந்தைகள் பலர் மாண்டனர். எனினும் இவ்வினாவை வீரச்சொற்களால் மூடிவிடுதல் நேர்மையன்று. பெருஞ்செயல்களின் கணக்கில் இத்தகைய சிறு கல்லறைகளும் எழுதப்படல் வேண்டும்.

பண்டத்தரிப்பில்

1819 டிசம்பரில் இலங்கையை அடைந்து, 1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு என்னும் ஊரில் ஸ்கடர் குடியமர்ந்தார். அவ்வாண்டிலேயே குருப்பட்டமும் பெற்றார். தந்தையாரால் மறுக்கப்பட்ட பணி, வைத்தியத்தின் வழியாகவே சுற்றி வந்து அவரை அடைந்தது. அவ்வாண்டில் இலங்கை அரசாங்கத்தார் அமெரிக்கர் மேலும் வருவதைத் தடுத்தனர். அச்சுத் தொழில் வல்லவராக வந்த காரெட் என்பவர் தங்க இடம் பெறாது வெளியேற்றப்பட்டார். சில மாதங்கள் பிந்தியிருந்தால் ஸ்கடருக்கும் அக்கதியே நேர்ந்திருக்கும்.

பண்டத்தரிப்பில் அவர் வைத்தியசாலை ஒன்றை ஏற்படுத்தினார். அமெரிக்காவினின்று வைத்திய ஊழியத்திற்கெனக் கடல் கடந்தோருள் முதல்வர் என அவர் போற்றப்படுவது இதனால்தான். அந்நாளைய வைத்தியத்தின் நிலையை எண்ணிப் பார்த்தாலன்றி அவர் உழைப்பின் அருமை விளங்காது. மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யும் முறை, அவர் கப்பலேறிய அதே பாஸ்டன் நகரில் 1846இல்தான் வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்டது. ஆகவே பண்டத்தரிப்பில் அவர் செய்த அறுவைகளெல்லாம் நோயாளி விழித்திருந்து வலி பொறுக்கச் செய்யப்பட்டவையே. 1817இல் வங்காளத்தினின்று பரவிய வாந்திபேதி இலங்கையையும் வாட்டிற்று. அந்நோய் குடிநீரால் பரவுவது என்பதை இலண்டன் வைத்தியர் ஜான் ஸ்னோ 1854இல்தான் தெளிவாக நாட்டினார். அதன் கிருமி யாது என்பது 1880க்குப் பின்னரே ஐயமற விளங்கியது. காரணம் அறியாத நோயின் நடுவே, தாமும் தம் மனைவி மக்களும் அதற்கு ஆளாகக்கூடும் என்பதை அறிந்தே அவர் நடமாடினார்.

இவற்றோடு தமிழும் கற்றார். நோயாளியின் நாவில் வழங்கும் மொழியை அறியாதவன் நாடி பார்த்தும் நோயை அறியான். உள்ளூர் இளைஞர் சிலருக்கு வைத்தியமும் பயிற்றினார். அவர் யாழ்ப்பாணத்தை விட்டகன்ற பின் 1847இல் அங்கு வந்த சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க வைத்தியர் இம்முயற்சியை மிக உயர்த்தினார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் வெளிவரச் செய்தார் அவர். உயர்ந்த விஞ்ஞானம் தமிழில் இயலாது என்று இன்றும் ஐயுறுவோர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மானிப்பாயில் நடந்ததை அறிந்து தெளிவாராக.

ஊர் ஊராக

1836இல் ஸ்கடர் வின்ஸ்லோவுடன் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கு அமெரிக்க மிஷனின் அச்சகம் நிறுவப்பெற்றுத் தமிழ் நூல்கள் மிகுதியாக அச்சாயின. ஆனால் ஸ்கடரின் உள்ளம் ஒரே இடத்தில் அமைந்து இருக்க ஒருப்படவில்லை. அச்சிட்ட நூல்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டார். ஊர்வாயிலிலோ சந்தையருகிலோ நின்று வருவார் போவாரிடம் பேசுவார், நூல்களை வழங்குவார். நாள் ஒன்றுக்குப் பதினொரு மணி நேரம் இவ்வாறு நின்றபடியே உழைத்ததுண்டு என்றும், நேரம் வீணாகாதபடி நின்றுகொண்டே காப்பி அருந்தினார் என்றும் அவர் சரிதங்கூறும். சாலைகளும் இருப்புப்பாதைகளும் இல்லாத அந்நாளில் மாட்டுவண்டியும் பல்லக்கும் கால்நடையுமே பயணத்திற்குத் துணை.

பயணம் ஒன்றில் காட்டுச்சுரம் அவரைப் பற்றிற்று. பிழைப்பது அரிது என்ற செய்தி மனைவியாருக்கு எட்டியது. ஹேரியட் அம்மையார் தம் சிறு மகனோடு காட்டு வழியே விரைந்தார். நள்ளிரவில், விலங்குகளுக்கு அஞ்சிப் பல்லக்குச் சுமப்போர் ஓடிவிட, அம்மையார் காட்டின் நடுவே மகனை அணைத்துக்கொண்டு இறைவனை வேண்டியபடி அவ்விரவைக் கழித்தார் என்றும், விடிந்து சென்று பார்த்தபோது கணவர் நோயின் கடுமை தணிந்திருக்கக் கண்டார் என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். உலகஞ் சுற்றியவர் என ஸ்கடரை நாம் போற்றும்போது, அக்காட்டில் தனித்திருந்த அம்மையாரையும் நினையாதிருத்தல் பிழையாகும்.

இடைவிடாத உழைப்பால் உடல் நலிய, 1842இல் தாய்நாடு திரும்பினார். ஓய்வுக்கென்று சென்றவர் அங்கும் ஓய்ந்திருந்தாரல்லர். ஊர்தோறும் சென்று சிறுவர் சிறுமியரைக் கூட்டிப் பேசினார். நூறாயிரம் பேருக்கு மேற்பட்ட சிறுவர் அவர் பேச்சைக் கேட்டனர் என்பர். அவருள் பலர் வளர்ந்தபின் தொலைநாடுகளுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டனர். தம்மை ஒரு சிறு நூல் அசைத்ததை மறவாத அவர், இளம் உள்ளங்களே அசையும் உள்ளங்கள் என்பதை உணர்ந்திருந்தார் போலும்.

மதுரையில்

1847இல் இந்தியாவுக்குத் திரும்பியதும், வைத்தியரின்றி வருந்திய மதுரை மிஷனுக்கு உதவுமாறு பணிக்கப்பட்டார். ஏறக்குறைய இரண்டாண்டுகள் நம் நகரில் வைத்தியம் செய்தார்.

அன்றைய மதுரையை மனத்திற் கொண்டு பார்ப்போமாக. நாயக்க மன்னர் காலத்துக் கோட்டைமதில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டுச் சில ஆண்டுகளே கடந்திருந்தன. இன்று நாம் நடக்கும் வெளிவீதிகள் அப்போது புதியன. இருப்புப்பாதை வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. பெரியாற்று நீரோ 1895இல்தான் வைகையை வந்தடையும். சுற்றியிருந்த திருமங்கலம், திருப்புவனம், திண்டுக்கல் முதலிய பகுதிகளில் மழையும் கண்மாயுமே உழவருக்குத் துணை. கோடையில் கண்மாய்நீர் சுருங்கிக் கலங்க, அந்நீரையே மக்களும் பருக, வாந்திபேதி வருதல் இயல்பாயிருந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றிலும் அந்நோயும் சுரமும் உயிர்களைக் கொண்டுபோயின. நோய்க்கு அஞ்சியே அம்மிஷனார் 1845இல் கோடைக்கானல் மலையில் முதல் வீடுகளைக் கட்டினர். அவ்வாண்டிலேயே அவர்களுடைய கல்விச்சாலை திருமங்கலத்தினின்று பசுமலைக்கு மாற்றப்பட்டது. அப்பசுமலையில் 1881இல் கல்லூரியாக உயர்ந்து, 1904இல் மதுரை நகருக்கு வந்ததே இன்றைய அமெரிக்கன் கல்லூரி. ஸ்கடர் மதுரைக்கு வந்தபோது அவ்விதை மண்ணில் ஊன்றப்பட்டு இரண்டாண்டுகளே ஆகியிருந்தன.

ஐம்பதை எட்டிக் கடந்த வயதில், தாம் மூன்று பத்தாண்டுகளுக்கு முன் விட்டுவந்த தொழிலையே முழுமையாகச் செய்யும்படி அவர் மதுரையில் அமர்த்தப்பட்டது நம் சிந்தனைக்கு உரியது. நியூயார்க்கில் அவர் விட்டது வைத்தியத்தை அன்று. வைத்தியத்தால் வரும் வருவாயையே. அறிவைத் துறத்தல் வேறு. அறிவின் விலையைத் துறத்தல் வேறு. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கருதி மயங்குவதால், தொழிலை விட்டு உலகஞ் சுற்றுதலே உயர்ந்த வாழ்வு என்று எண்ணுவோரும், கற்ற தொழிலிலேயே பொருளீட்டி முடிதலே அறிவுடைமை என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். ஸ்கடரின் வாழ்வு இருவர்க்கும் விடையாகும்.

1849இல் அவர் சென்னைக்கு மீண்டார். அவ்வாண்டு நவம்பரில் ஹேரியட் அம்மையார் காலமானார். முப்பத்து மூன்றாண்டுகள் உடனுழைத்த துணையை இழந்தும் ஸ்கடர் பணியை நிறுத்தவில்லை. 1854இல் உடல் மிகத் தளரவே, கடற்காற்றால் நலம் பெறலாம் எனக் கருதி நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். 1855ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், கேப் டவுன் அருகிலுள்ள வைன்பர்க் என்னும் ஊரில், ஆராதனை ஒன்றை நடத்தச் சம்மதித்திருந்த அவர், அதற்குமுன் சிறிது இளைப்பாறப் படுத்தார், மீண்டும் எழுந்தாரில்லை. நியூயார்க், யாழ்ப்பாணம், சென்னை, மதுரை என நாற்பதாண்டுகள் நடந்த கால்கள் ஆப்பிரிக்க மண்ணில் ஓய்ந்தன.

வழித்தோன்றல்கள்

ஸ்கடரின் மைந்தர் எழுவர் தந்தையாரின் வழியே தென்னிந்தியாவில் தொண்டு புரிந்தனர். அவருள் ஹென்ரி, வில்லியம், ஜோசப் என்ற மூவர் 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். சைலஸ் என்பார் 1866இல் இராணிப்பேட்டையில் வைத்தியசாலை தொடங்கினார். கடைசி மைந்தராகிய ஜானின் மகளே ஐடா அம்மையார். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், பஞ்சமும் நோயும் நிறைந்த இந்நாட்டில் வாழ விருப்பமின்றி அமெரிக்காவிலேயே தங்க எண்ணியிருந்தார். தாயாரைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓரிரவில் ஒருவர்பின் ஒருவராக மூவர், பிரசவத்தில் துன்புறும் தத்தம் மனைவியருக்கு உதவுமாறு அவரை வேண்டினர். ஆண் வைத்தியர் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை; ஐடாவோ வைத்தியம் அறியார். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவே அவரை வைத்தியராக்கியது. 1899இல் அமெரிக்காவில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கி, 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியை நிறுவினார். 1960இல் கோடைக்கானலில் காலமானார்.

பாட்டனார் வைத்தியத்தின் வருவாயை விட்டுக் கடல் கடந்தார். பேத்தியாரோ வைத்தியத்தைக் கற்பதற்காகவே கடல் கடந்தார். வழிகள் எதிரெதிரானவை, சென்று சேர்ந்த இடம் ஒன்றே. இதனால் நாம் அறிவது யாது? விடுதலும் பெருமையன்று, பற்றுதலும் பெருமையன்று. எதற்காக விடுகிறோம், யாருக்காகப் பற்றுகிறோம் என்பதே பெருமையும் சிறுமையும் ஆகும்.

குறையும் நிறையும்

சரிதம் எழுதுவோர் தம் தலைவரின் குறைகளை மறைத்தல் வழக்கம். யாம் அவ்வழக்கத்தைப் பின்பற்ற விரும்பவில்லை. அமெரிக்கச் சிறுவருக்கென ஸ்கடர் எழுதிய நூல்களில், நம் நாட்டு மக்களின் வழிபாட்டையும் ஒழுக்கங்களையும் மிகக் கடுமையாகப் பழித்துள்ளார். அன்போடு தொட்டு மருந்திட்ட மக்களைப்பற்றியே அவர் பேனா இவ்வாறு எழுதியது. அவர் காலத்து மேனாட்டார் பலர் இவ்வாறே எழுதினர் என்பது காரணமாகலாம், நியாயமாகாது. அவர் ஒப்புக்கொண்ட கிறிஸ்துவை ஒப்புக்கொள்ளும் நாம், நம் அண்டை வீட்டாரை அவர் கண்ணால் காண வேண்டுவதில்லை. மீனாட்சியம்மை கோயிலின் நிழலில் ஒரே வகுப்பில் அமர்ந்து, சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து தேவாரமும் தேம்பாவணியும் சீறாவும் பயிலும் மாணவர் நாம். ஊர்தோறும் நடந்தும் ஒருவர் தாம் காண்பவற்றின் அகத்தைக் காணாதிருக்கக்கூடும் என்பதும் இச்சரிதம் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று. பயணம் தானாகவே கண்ணைத் திறந்துவிடாது.

ஆயினும், அவர் கைகள் செய்தது அவர் பேனா எழுதியதைவிட நெடுங்காலம் நிலைத்தது. நோயாளியின் சாதி யாது, சமயம் யாது என்று வினவாத வைத்தியசாலைகளே அவர் குலத்தார் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.

நமக்குரிய பாடம்

இக்காலத்தில் மருத்துவக் கல்லூரியில் இடம் பெறுதலே வாழ்வின் முடிவு எனப் பலர் எண்ணுகின்றனர். நுழைவுத் தேர்வில் தவறியதும் வாழ்வே தவறியதாக வருந்தும் இளைஞரை நாம் காண்கிறோம். பெற்றோரின் கடனையும் கனவையும் ஒருங்கே சுமந்து, தாம் விரும்பாத துறையில் புகுவோரும் பலர். தமிழ் பயிலும் எம்மைப் பார்த்து, இதனால் என்ன சம்பாத்தியம் என்று வினவாத உறவினரும் இலர். இவ்வினாவை யாம் இகழவில்லை. வானம் பார்த்த நிலத்தில் உழுது, கடன்பட்டு மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய தந்தை அதனைக் கேட்க உரிமையுடையவரே. ஸ்கடரைப்போல் எல்லாவற்றையும் விட்டுப் புறப்படுங்கள் என்று அத்தந்தையின் மகனுக்கு உபதேசிப்பது எளிது, நீதியன்று. ஸ்கடருக்கு விடுவதற்கு ஒன்று இருந்தது. விடுவதற்கே ஒன்றும் இல்லாதார்க்கு முதலில் ஈட்டுதலே கடமை.

ஆனால் மற்றொன்றும் உண்டு. தந்தை சொல்லுக்குப் பணிந்து வைத்தியம் கற்ற ஸ்கடர், அப்பணிவினால் தம் உள்ளத்தின் ஆசையை இழந்துவிடவில்லை. அவ்வைத்தியத்தையே அதற்கு ஊர்தியாக்கிக் கொண்டார். வேண்டா வெறுப்பாகக் கற்ற கல்வியும் விரும்பிய பணிக்குத் துணையாகக்கூடும் என்பதற்கு அவரே சான்று. விரும்பிய துறை கிட்டாதவர் இதனை எண்ணி ஆறுதல் அடைவாராக. கிட்டியவர் அத்துறையால் யாருக்குப் பயன் என்று தம்மையே வினவிக் கொள்வாராக.

இவ்வாண்டு நம் கல்லூரியைவிட்டு வெளியேறும் தோழர் பலர் பல திசைகளிலும் செல்வர். சிலர் கடல் கடப்பர். சிலர் திருமங்கலத்தையும் கடவாது தம் ஊரிலேயே ஆசிரியராக அமர்வர். எவர் எவ்வளவு தூரம் சென்றார் என்பதைக் காலம் பெரிதாக நினைவிற் கொள்வதில்லை. சென்றவிடத்தில் எவர் மொழியைக் கற்றார், எவர் புண்ணுக்கு மருந்திட்டார் என்பதையே அது பொறித்து வைக்கிறது. பண்டத்தரிப்பிலும் மதுரையிலும் நோயாளிகளின் அருகே நின்ற வைத்தியர் ஜான் ஸ்கடரை அவ்வாறே நினைவிற் கொள்வோமாக.